ஜிப்ஸி டிரான்ஸ்ஃபர் கேஸ்: பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா, 4.16 கியர் போடுவதா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்வரப் பழைய மாருதி ஜிப்ஸி கிங் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதில் மூன்று தொல்லைகள். 4எல்-லில் (நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச்) இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நடுத் தரையிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. ஒரு பட்டறையில், கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள். இன்னொருவர் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டச் சொல்கிறார். ஆஃப்ரோடு போகும் நண்பரோ, எப்படியும் திறக்கத்தானே போகிறாய், வண்டியை இன்னும் மெதுவாகத் தவழ வைக்கும் 4.16 விகித கியர் வரவழைத்துப் போட்டுவிடு என்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டி கெட்டுவிட்டதா என்பது ஒன்று, கியர் விகிதம் போதவில்லையா என்பது மற்றொன்று. நீங்கள் எழுதியதில் இரண்டாவதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. முதலாவதும் இன்னும் முடிவாகவில்லை. பெட்டியை இறக்குவதற்கு முன்னால் வண்டியிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. அதற்கு ஒரு காலைப் பொழுது போதும்.

முதலில் பெட்டியின் அமைப்பு. ஜிப்ஸியும் வெளிநாடுகளில் ஓடும் சுசுகி எஸ்.ஜே.410, சாமுராய் வண்டிகளும் ஒரே குடும்பம். மஹிந்திரா ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸின் முதுகிலேயே போல்ட் போட்டு நிற்கும். ஜிப்ஸியில் அது தனிப் பெட்டி. கியர் பாக்ஸிலிருந்து இரண்டு கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) வைத்த குட்டை ஷாஃப்ட் ஒன்று வந்து அதைச் சுழற்றுகிறது. பெட்டி மூன்று கைகளில், மூன்று ரப்பர் மவுண்டிங் மேல் சேஸிஸில் தொங்குகிறது. இதனால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. கியர் பாக்ஸ் எண்ணெய் இதற்குள் வரவோ இதன் எண்ணெய் அங்கே போகவோ வழி இல்லை, அதனால் அளவு குறைந்தால் அது வெளியேதான் போயிருக்கிறது. ரப்பர் போய்விட்டால் பெட்டி முறுக்கத்துக்கு ஏற்றபடி உருளும், லீவரும் குட்டை ஷாஃப்டும் அதோடு சேர்ந்து இழுபடும். மூன்றாவது, இந்தப் பெட்டியில் ஹை ரேஞ்சிலும் நேர்ச் சுழற்சி கிடையாது. அவுட்புட் ஒரு சுற்று சுற்ற இன்புட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று பார்த்தால், சாமுராய் பெட்டியில் ஹை 1.409, லோ 2.268. எஸ்.ஜே.410 பெட்டியில் ஹை 1.580, லோ 2.511. தார்ச் சாலையில் 2எச்-சில் (பின் சக்கர இழுவை, ஹை ரேஞ்ச்) போகும்போதும் முழு விசையும் பல் சக்கரங்கள் வழியாகவே போகிறது. மெல்லிய கியர் சத்தம் இந்தப் பெட்டியின் இயல்பு, அதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். எண்ணெய் குறைந்தால் மற்ற வண்டிகளைவிட இது சீக்கிரம் கெடுவதற்கும் இதுதான் காரணம்.

இப்போது லீவர் விழுவது. இறக்கத்தில் காலை எடுத்ததும் முறுக்கத்தின் திசை மாறுகிறது. அதுவரை ஒரு பக்கமாக உருண்டு நின்ற பெட்டி மறுபக்கம் உருளும். மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தால் அந்த உருளல் அதிகம். பெட்டி உருளும்போது லீவரின் தண்டு தரை ஓட்டையின் விளிம்பிலோ, இறுகிப்போன ரப்பர் பூட்டிலோ முட்டும். உள்ளே கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவ் நல்ல நிலையில் இருந்தாலும் வெளியே உள்ள தடையே அதைப் பிடித்து இழுத்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. லீவர் பூட்டையும் கன்சோலையும் கழற்றி வைத்துவிட்டு அதே இறக்கத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். விழுவது நின்றுவிட்டால் பெட்டியைத் திறக்க வேலையே இல்லை. அடுத்தது, சமதளத்தில் 4எல், முதல் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை மெதுவாகப் பிடிக்கும் புள்ளிவரை விடட்டும். பிறகு ரிவர்ஸில் அப்படியே. நீங்கள் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்து பெட்டியைப் பாருங்கள். வண்டிக்கு அடியிலோ முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. பெட்டி ஒரு விரற்கடை அளவு துள்ளினால் மவுண்டிங் போய்விட்டது. மூன்று ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய இரண்டும் தளர்ந்திருக்கும், புதியது எல்லாச் சுமையையும் வாங்கி விரைவில் கிழியும். கைகளில் விரிசல் உண்டா, சேஸிஸில் போல்ட் ஓட்டை நீண்டுபோயிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் லீவர் விழுகிறது என்றால்தான் காரணம் உள்ளே. அப்போது சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ஷிஃப்ட் ஷாஃப்டைப் பிடித்து வைக்கும் குண்டு ஸ்பிரிங் தளர்ந்திருப்பது, ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருப்பது, ஸ்லீவும் லோ கியரும் கடிக்கும் நாய்ப்பல் மழுங்கியிருப்பது. ஸ்பிரிங்கும் குண்டும் வெளியிலிருந்து பிளக்கைக் கழற்றினாலே வரும், பெட்டியை இறக்க வேண்டியதில்லை. பல் மழுங்கியிருந்தால் மாற்றுவது தவிர வழி இல்லை. மழுங்கிய பல்லைக் கிரைண்டரில் கூராக்கித் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். மேற்பரப்பில் கடினப்படுத்திய தோல் போய்விடும் என்பதால் அது நிற்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 4எச், 4எல் போட்டுக் காய்ந்த தார்ச் சாலையில் திரும்பினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுற்று வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் அது ஷாஃப்டுகளில் முறுக்கமாகச் சேரும். அப்போது லீவர் எடுக்க வராமல் இறுகும், எடுத்தால் 'டக்' என்று அடிக்கும். அது பழுதல்ல. பின்னால் நாலைந்து அடி போனால் விட்டுவிடும். முன் டயரும் பின் டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இல்லையென்றால் நேர்ச் சாலையிலும் இதே இறுக்கம் வரும். பழைய வண்டிகளில் நான்கு டயரும் நான்கு விதமாக இருப்பது வழக்கம், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு மூன்று படியாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட, கியர் பாக்ஸ் நியூட்ரல், கிளட்ச் விட்ட நிலையில் சத்தம் கேட்டால் அது கியர் பாக்ஸ். அதில் ஒன்றும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியர் பாக்ஸை நான்காவது கியரில் போட்டு, கிளட்சை விட்டு, மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டி நகராது. ஆனால் குட்டை ஷாஃப்ட், இன்புட் ஷாஃப்ட், கவுன்டர் கியர் எல்லாம் சுழலும். இதில் ஊளை வந்தால் கிராஸ், இன்புட் பேரிங், கவுன்டர் கியரின் ஊசி பேரிங் ஆகியவற்றில் ஒன்று. டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும் என்பதை மறக்காமல் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். இந்தச் சோதனையிலும் அமைதி, ஓடும்போது மட்டும்தான் சத்தம் என்றால் அவுட்புட் பேரிங், நீள ஷாஃப்டுகள், அல்லது அச்சின் நடுவே உள்ள கிரவுன் கியர். முன் கிரவுனைப் பிரித்தறிய, 2எச்-சிலேயே, முன் சக்கரத்தை அதன் அச்சு ஷாஃப்டோடு பூட்டும் முன் ஹப்பை லாக் செய்து ஓட்டிப் பாருங்கள். இதுவரை சும்மா நின்ற முன் ஷாஃப்டும் முன் கிரவுனும் இப்போது சக்கரத்தோடு சுழலும். சத்தம் மாறினால் தவறு அந்தப் பக்கம்.

ஊளை குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து போகிறது, தரையும் அதிர்கிறது என்றால் பெட்டியை விட்டுவிட்டு அந்தக் குட்டை ஷாஃப்டைப் பிடியுங்கள். ஹை ரேஞ்சில் அது பின் ஷாஃப்டைவிட சுமார் 40 சதவீதம் வேகமாகச் சுழல்கிறது. கிராஸில் துளி ஆட்டம் இருந்தாலும், மவுண்டிங் தாழ்ந்து இரு முனைக் கோணங்களும் சமமில்லாமல் போனாலும் அது அதிரும். இந்த அதிர்வைப் பேரிங் சத்தம் என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் மாற்றி, மறுபடி மாட்டியதும் அதே சத்தம் வருவது இந்த வண்டியில் அடிக்கடி நடக்கிற கதை.

எண்ணெய்ச் சொட்டுக்கு முதலில் பிரீதரைப் பாருங்கள். மேலே உள்ள அந்தச் சிறு மூச்சுக் குழாய் சேற்றில் அடைத்துக்கொண்டால், சூடானதும் உள் அழுத்தம் ஏறி, நல்ல ஆயில் சீலும் கசியும். பிறகு வண்டியைக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு எந்த இடம் முதலில் ஈரமாகிறது என்று பாருங்கள். இன்புட் சீல், முன் அவுட்புட் சீல், பின் அவுட்புட் சீல், கவுன்டர் ஷாஃப்டின் ஓ-ரிங், ஃபோர் வீல் விளக்கு சுவிட்ச் என்று ஐந்தில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். சுவிட்ச் கசிந்தால் எண்ணெய் ஒயர் வழியாகவே ஊர்ந்து வந்து வேறெங்கோ சொட்டும், ஏமாறாதீர்கள். ஆரம்பகால எஸ்.ஜே.410 வகைப் பெட்டிகளில் பின் அவுட்புட்டிலேயே கை பிரேக் டிரம் இருக்கும். அங்கே பின் சீல் கசிந்தால் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கி மலைப்பாதையில் கை பிரேக் பிடிக்காது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. சீல் மாற்றும்போது அதன் உதடு உட்காரும் ஃபிளாஞ்சின் (நீள ஷாஃப்ட் போல்ட் ஆகும் வட்டத் தட்டு) கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புதுச் சீல் போட்டும் பயனில்லை. மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றைக் கழுத்தில் ஏற்றலாம், அல்லது சீலைப் பழைய தடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரும்படி அடிக்கலாம். இரண்டாவது காசில்லாத வழி, சீல் குழியில் ஆழம் இருந்தால் மட்டும்.

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் குறை உள்ளேதான் என்று தெரிந்தால் இறக்க வேண்டியதுதான். எண்ணெயை வடித்து, அதை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. செதில் செதிலாக இரும்பு மின்னினால் பேரிங் அல்லது பல் உரிகிறது. செம்மஞ்சள் துகள் தெரிந்தால் வெண்கலப் பாகம் எதுவோ தேய்கிறது. பால் கலந்த நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் பாதையில் துருப் புள்ளிகளை எதிர்பாருங்கள். ஃபிளாஞ்ச் நட்டுகளைப் பெட்டி வண்டியில் இருக்கும்போதே, 4எல் போட்டு, சக்கரம் பிரேக்கில் நிற்க, தளர்த்திவிடுங்கள். மேசை மேல் வைத்து அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. நட்டின் விளிம்பு ஷாஃப்ட் பள்ளத்தில் தட்டி மடக்கப்பட்டிருக்கும், அதை முதலில் உளியால் நிமிர்த்த வேண்டும். எல்லா ஷாஃப்ட் ஃபிளாஞ்சுகளிலும் ஜோடிக் குறி போட்டுக்கொண்டு கழற்றுங்கள். ஸ்பீடாமீட்டர் கேபிள், சுவிட்ச் ஒயர், லீவர் என்று வரிசையாக எடுங்கள். லீவரின் மூடியை அழுத்தித் திருப்பினால் வந்துவிடும், சுத்தி வேண்டாம். பெட்டியை ஜாக்கில் தாங்கிக்கொண்டு மூன்று மவுண்டிங்கையும் விடுவியுங்கள்.

பிரிக்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. குண்டும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையிலிருந்து வந்தன என்று குறிக்காமல் ஒரே கிண்ணத்தில் போடுவது ஒன்று. இரண்டு ஷிஃப்ட் ஷாஃப்டுகளுக்கும் நடுவே கிடக்கும் இன்டர்லாக் குண்டு சத்தமில்லாமல் உருண்டு தொலைவது இரண்டாவது. அது இல்லாமல் கட்டினால் லீவர் எல்லா நிலைக்கும் போகும், ஆனால் போகக் கூடாத நிலைக்கும் போகும். மூன்றாவது, பெட்டியின் பாகங்கள் பிரியாவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்புவது. ஹவுசிங் அலுமினியம், பொருந்தும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே வாழ்நாள் முழுக்கக் கசியும். பிரியவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட்டோ ஷிஃப்ட் ஷாஃப்ட் பின்னோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கைபேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவையுங்கள். த்ரஸ்ட் வாஷர்களின் எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பது பிறகு நினைவிருக்காது.

மண்ணெண்ணெய்யிலோ டீசலிலோ கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். காற்றைப் பேரிங்கில் அடித்துச் சுழற்ற வேண்டாம், உலர்ந்த பேரிங்கின் பாதை அதிலேயே கீறும். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்ணெய் குறைந்து ஓடிய பெட்டி என்றால் முதலில் கவுன்டர் ஷாஃப்டையும் அதன் ஊசி பேரிங்குகளையும் பாருங்கள். ஷாஃப்டின் மேல் ஊசி ஓடிய தடம் நகத்துக்குத் தட்டினால் ஷாஃப்ட், ஊசி பேரிங் இரண்டும் புதிது வேண்டும். புது ஊசியைப் பழைய பள்ளத்தில் ஓட்டினால் சில மாதத்தில் மறுபடி திறப்பீர்கள். ஃபோர்க்கின் நுனியை ஸ்லீவ் பள்ளத்தில் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃபோர்க் மாற வேண்டும். நாய்ப்பற்களின் நுனி கூர்மையாக, பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் லீவர் விழுவதற்கு அதுவே காரணம், ஸ்லீவையும் அந்தக் கியரையும் ஜோடியாக மாற்றுங்கள். கியர் பல்லின் முகத்தில் ஊசி குத்தியதுபோல் ஒன்றிரண்டு புள்ளி இருப்பதோடு ஓட்டலாம். புள்ளிகள் சேர்ந்து குழியானாலோ, ஓரம் உடைந்திருந்தாலோ கூடாது. இடைப்பட்ட நிலையில் என்ன செய்வது என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு நான் விட்டுவிடுவேன், நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு மாற்றுவேன்.

பேரிங்குகளை, நன்றாகத் தெரிந்தாலும், திறந்த பிறகு எல்லாவற்றையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். வாகன உதிரிபாகமாக வாங்காமல் பேரிங்கின் விளிம்பில் பொறித்துள்ள எண்ணைப் படித்து, பேரிங் கடையில் நல்ல கம்பெனிச் சரக்காக வாங்கலாம். எண்ணுக்குப் பின்னால் சி3 போன்ற ஒட்டு இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அது உள் இடைவெளியைக் குறிப்பது. உறை பெரிய எழுத்தில் பளபளவென்றிருந்து விலை பாதியாக இருந்தால் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீல்கள், ஓ-ரிங், ஸ்பிரிங் பின்கள், ஃபிளாஞ்ச் நட்டுகள், குண்டு ஸ்பிரிங்குகள் ஆகியவற்றில் பழையதை மறுபடி போட வேண்டாம். மொத்தமாகப் பார்த்தால் அவற்றின் விலை பெரிதல்ல.

கட்டும் வேலையில் அழுத்துகிற இடம் முக்கியம். பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், ஹவுசிங்கில் இறக்கும்போது வெளிவளையத்தையும் மட்டும் அழுத்துங்கள். ஹவுசிங்கை 80 முதல் 100 டிகிரி வரை சமமாகச் சூடாக்கினால் பேரிங் கையாலேயே இறங்கும், சுத்தி தேவைப்படாது. ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி வைத்து ஷாஃப்டை நுழையுங்கள், ஒன்று சரிந்தாலும் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பொருந்தும் முகங்களில் பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, தின்னரால் துடைத்து, அனபாண்ட் போன்ற சிலிக்கான் பசையை மெல்லிய ஒற்றைக் கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாக விடுங்கள். தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே பிதுங்கிய பசை துண்டாகி எண்ணெயோடு சுற்றும். அலுமினியத்தில் எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஃபிளாஞ்ச் நட்டுக்குச் சர்வீஸ் மேனுவல் அளவைப் பின்பற்றுங்கள், இறுக்கியதும் மறுபடி மடக்குங்கள். ஒவ்வொரு பாகம் சேர்த்ததும் கையால் சுழற்றிப் பாருங்கள். முடிந்ததும் 2எச், 4எச், நியூட்ரல், 4எல் என நான்கு நிலையிலும் சுழற்றுங்கள். எங்காவது இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்தால் அப்படியே வண்டியில் மாட்டாதீர்கள்.

எண்ணெய் சுமார் 0.8 லிட்டர், அளவு பிளக் ஓட்டையின் விளிம்பு வரை. ஹை-லோ மாற்றத்தில் சுற்றுகளைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையம் இல்லாததால் 80டபிள்யூ-90 ஜி.எல்-5 இதற்குத் தாராளமாகப் பொருந்தும். கியர் பாக்ஸுக்கும் அதையே ஊற்றலாமா என்பது தனிக் கேள்வி. அங்கே சின்க்ரோ உண்டு, மேனுவல் சொல்லும் தரத்தை மீற வேண்டாம். சின்க்ரோ இல்லாததாலேயே 4எல்-லுக்கு வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும், உருளும்போது திணித்தால் அதே நாய்ப்பற்கள் மறுபடி மழுங்கும். மாட்டி அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஹவுசிங்கில் பேரிங் இருக்கும் இடங்களில் கை வையுங்கள். சில விநாடி தாங்கும் சூடு சரி. ஓரிடம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்த பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்ன 4.16. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாமுராய் வைத்திருப்பவர்கள் பாறை ஏறுவதற்காகப் போடும் கியர் செட் அது. லோ 2.268-லிருந்து 4.16 ஆகிறது, அதாவது 83 சதவீதம் கூடுதல் குறைப்பு. சாமுராயின் முதல் கியர் 3.652, கிரவுன் 3.727 என்று வைத்தால் மொத்தக் குறைப்பு பழைய செட்டில் ஏறக்குறைய 31, புதியதில் 56.6. எஞ்சின் 1000 சுற்றில் ஓடும்போது சாதாரண 205/70 ஆர்15 டயரில் முதலாவது மணிக்கு 4 கிலோமீட்டர், இரண்டாவது 2.2 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்துக்கும் எறும்பு ஊரும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே இறங்கலாம், பாறை மேல் சக்கரத்தை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கலாம், கிளட்ச் எரியாது. இவ்வளவும் உறுதியான லாபம்.

ஆனால் இழுவை கூடும் என்று நினைத்துப் போட வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எம்.பி.எஃப்.ஐ. (எரிபொருள் இன்ஜெக்‌ஷன்) ஜிப்ஸி எஞ்சினின் உச்ச முறுக்கம் 103 நியூட்டன் மீட்டர். முதல் கியரிலும் பழைய லோவிலும் அது பெருகி டிரான்ஸ்ஃபர் வெளியீட்டில் சுமார் 850 ஆகிறது, உராய்வு இழப்பைக் கழிக்காமல். ஆளும் சுமையுமாக 1300 கிலோ எடையுள்ள வண்டியின் நான்கு டயரையும் நல்ல பிடிமானத்தில் வழுக்க வைக்கத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டயர் பிடி தாங்கும் எல்லையைப் பழைய லோவே ஏறக்குறைய தொட்டுவிடுகிறது. உச்ச முறுக்கம் 4500 சுற்றில்தான் கிடைக்கும், தவழும் சுற்றில் அதைவிடக் குறைவு என்பதால் புதிய கியர் அங்கே உதவும். சேற்றிலும் ஈரப் புல்லிலும் டயர் பிடி பாதிகூட இருக்காது, அங்கே 4.16 ஒன்றும் கூட்டித் தராது. மாறாக, முன் சக்கரம் பாறை இடுக்கில் சிக்கிச் சுழல முடியாமல் நின்றால் டயர் வழுக்கித் தப்பிக்க வழியில்லை. அந்த முறுக்கம் முழுவதும் போய், திரும்பும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் முன் அச்சின் சி.வி. ஜாயின்ட்டில் இறங்கும். இந்தக் குடும்ப வண்டிகளின் பலவீனமான இடமே அதுதான், பெரிய டயரும், ஓர் அச்சின் இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் சேர்ந்தால் இன்னும் மோசம். பழைய ரப்பர் மவுண்டிங்கும் அதன் கைகளும் இந்த முறுக்கத்துக்குப் போதாது. 4.16 போடுகிறவர்கள் பலப்படுத்திய மவுண்டிங் தொட்டிலையும் சேர்த்தே போடுவது அதனால்தான். கியர் செட்டின் விலையை மட்டும் பார்க்காமல் கப்பல் கூலி, சுங்கம், மவுண்டிங், பேரிங் செட், பிறகு வரப்போகும் முன் ஜாயின்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். செட் போடும்போது ஹவுசிங்கின் உட்சுவரில் பெரிய கியர் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பதும், உரசினால் அந்த இடத்தை மட்டும் அளவாக அரைப்பதும் வேலையின் ஒரு பகுதி. அரைத்த தூள் ஒரு துளியும் உள்ளே தங்கக் கூடாது.

31 அங்குல டயர் போடும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. 205/70-ஐவிட அது சுமார் 18 சதவீதம் உயரம், ஏற்றத்தில் ஐந்தாவது கியர் செத்துவிடும். அப்போது எஸ்.ஜே.410 பெட்டியின் 1.580 ஹை உதவும். 12 சதவீதம் குறைப்பு மீளும், லோவிலும் 11 சதவீதம் கிடைக்கும். பாறை ஏறாமல் மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு 4.16-ஐவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. இதில் ஒரு வசதியும் உண்டு. ஸ்பீடாமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் வெளியீட்டிலிருந்து ஓடுவதால் இந்தப் பெட்டிக்குள் விகிதம் மாறினாலும் காட்டும் வேகம் மாறாது. டயர் அளவு மாறினால்தான் பொய் சொல்லும். டயர் அளவையும் உயரத்தையும் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தொடும், காப்பீட்டிலும் சிக்கல் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். இறக்கத்தில் மட்டும் விழுகிறது, ஏற்றத்தில் விழுவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது மவுண்டிங், லீவர் பக்கமே கை காட்டுகிறது. ஆனால் லோ கியரின் நாய்ப்பல் ஒரு முகத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும், பூட்டைக் கழற்றி ஓட்டிப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. சத்தத்தைப் பற்றி அந்த அளவுகூடச் சொல்ல முடியாது, நியூட்ரல் சோதனையின் முடிவு தெரிந்தால் பேசலாம்.

பழைய பெட்டி வாங்குவது கெட்ட யோசனையல்ல, உங்கள் கியர்கள் உண்மையிலேயே உடைந்திருந்தால். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடும்போது முதலில் விகிதத்தை எண்ணிப் பாருங்கள். இன்புட் ஃபிளாஞ்சிலும் பின் அவுட்புட் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, அவுட்புட்டைப் பத்துச் சுற்று சுற்றினால் இன்புட் ஹையில் 14 சுற்றும் லோவில் 22½ சுற்றுக்குச் சற்று மேலும் வந்தால் அது 1.409 பெட்டி. ஹையில் 16-க்குச் சற்றுக் குறைவு, லோவில் 25 என்றால் 1.580 பெட்டி. உங்கள் வண்டியில் இருப்பதையும் இதே போல் எண்ணிவிட்டே போங்கள், பழைய வண்டியில் முன்பே யார் எதை மாற்றினார்கள் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லாது. ஃபிளாஞ்ச் ஓட்டைகளின் இடைவெளி, பின்னால் டிரம் இருக்கிறதா இல்லையா, ஸ்பீடாமீட்டர் கேபிள் முனை ஆகிய மூன்றும் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். ஃபிளாஞ்சுகளை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் பேரிங் போனது. நான்கு நிலையும் கையால் விழ வேண்டும். வடிகால் பிளக்கைக் கழற்றச் சொல்லி விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெயே இல்லாமல் உலர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நல்லதாகக் கிடைத்தாலும் சீல்கள் மூன்றையும் ஓ-ரிங்கையும் மாற்றாமல் மாட்டாதீர்கள், மேசை மேல் அரை நாள் வேலை அது.